மூளை ஆராய்ச்சி மாநாட்டுக்குப் பணம் தருவது யார்?

நம் சங்கத்தின் மாடி அறையில் நடைபெறும் ஞாயிற்றுக்கிழமை அறிவியல் வகுப்பில் சென்ற மாதம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு தோள்பையுடன் வந்திருந்தாள். அவளுடைய அப்பா மருத்துவர். மூளையையும் போதைப் பழக்கத்தையும் பற்றிய ஒரு மாநாட்டில் அவருக்குக் கொடுத்த பை அது. பையின் ஒரு பக்கம் மாநாட்டின் பெயர். மறுபக்கம் அதைவிடப் பெரிய எழுத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் பெயர். "மாமா, மாநாடு நடத்தறது டாக்டருங்க. அப்புறம் கம்பெனி பேர் ஏன் பெரிசா இருக்கு?" என்று கேட்டாள். வகுப்பு முடிய ஐந்து நிமிடமே இருந்ததால், பத்திரிகையில் எழுதுகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். அந்தக் கடனைத்தான் இப்போது அடைக்கிறேன்.

இதில் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் விஞ்ஞானி அல்ல. தில்லியில் ஓர் அரசு ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன். விஞ்ஞானிகள் மேடையில் பேசுவதை நான் கேட்டது குறைவு. அவர்கள் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு வந்த பில்லைப் பார்த்தது அதிகம்.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று நாள் மாநாடு, முந்நூறு பேர். இது உதாரணத்துக்காக நான் போடும் கணக்கு. காலை காபி முதல் இரவுச் சாப்பாடு வரை தலைக்கு நாளொன்றுக்கு 1,500 ரூபாய் என்றால் மூன்று நாளைக்கு 13.5 லட்சம். வெளிநாட்டிலிருந்து எட்டுப் பேச்சாளர்கள், விமானக் கட்டணம் ஆளுக்கு ஒரு லட்சம்: 8 லட்சம். நாற்பது பேச்சாளர்களுக்கு நான்கு இரவு தங்கும் அறை, இரவுக்கு 5,000 வீதம் மறுபடியும் 8 லட்சம். அரங்க வாடகை, ஒலிபெருக்கி, ஆய்வுச் சுருக்கங்களை அச்சடித்த புத்தகம், பை, நினைவுப் பரிசு எல்லாம் சேர்த்து ஒரு 10.5 லட்சம். ஆக மொத்தம் 40 லட்சம்.

வரவு? பேச்சாளர் நாற்பது பேரிடம் கட்டணம் வாங்க முடியாது. மாணவர்கள் நூறு பேர், தலைக்கு 2,000 ரூபாய்; அதற்கு மேல் கேட்டால் வரமாட்டார்கள். மீதி நூற்றறுபது பேரிடம் 6,000 ரூபாய். கூட்டினால் 11.6 லட்சம். துண்டு விழுவது 28.4 லட்சம். இந்த 28.4 லட்சம்தான் இன்றைய பாடம்.

நம் நாட்டில் இந்தத் துண்டை அடைக்க மாநாட்டுச் செயலர் முதலில் தட்டுவது அரசின் கதவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அறிவியல் தொழில்நுட்பத் துறை, உயிரித் தொழில்நுட்பத் துறை, அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் என்று பல இடங்களில் கருத்தரங்குகளுக்கு மானியம் உண்டு. கேட்டதெல்லாம் கிடைக்காது. கிடைப்பதிலும் ஒரு பகுதி, செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் கொடுத்த பிறகே கைக்கு வரும். சமையல்காரரோ முன்பணம் இல்லாமல் அடுப்பு மூட்டமாட்டார். அரசுப் பணம் சுத்தமான பணம், ஆனால் மெதுவான பணம். இந்த இடைவெளியில்தான் கம்பெனிப் பிரதிநிதி காசோலையுடன் வந்து நிற்பார். படிவம் கிடையாது, தணிக்கை கிடையாது. "பையை நாங்களே அடிச்சுக் கொடுத்துடறோம் சார்" என்பார். செயலரின் தலைவலியில் பாதி அப்போதே தீர்ந்துவிடும். அவரை நான் குறை சொல்லமாட்டேன். நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு விளம்பரம் கேட்டு அலைந்தவர்களுக்கு அந்த நிம்மதி புரியும்.

பாறைகளைப் பற்றிய மாநாட்டுக்கு நுண்ணோக்கிக் கம்பெனி பணம் தந்தால் எந்தப் பாறையும் நிறம் மாறப்போவதில்லை. மூளையும் போதையும் என்று வரும்போதுதான் சங்கடம். அங்கே ஆராயப்படும் பொருளை விற்பவரே பணம் தர முன்வருவார். அவருக்கு அதில் என்ன அக்கறை என்று புரிந்துகொள்ள, போதை மூளையில் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1954-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பி ஒன்றைப் பதித்தார்கள். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அந்த இடத்துக்கு லேசான மின்சாரம் போகும். குறிப்பிட்ட இடத்தில் கம்பி பட்ட எலிகள் நெம்புகோலை விடவே இல்லை. மணிக்கு நூற்றுக்கணக்கான தடவை அழுத்திக்கொண்டே இருந்தன. உணவு, நீர், இணை ஆகியவற்றைத் தேடிப் போகும்படி உயிர்களை உந்துவதற்கு மூளையில் தனிப் பாதை இருக்கிறது என்று அதிலிருந்து தெரிய வந்தது. டோபமின் என்ற இரசாயனம் அந்தப் பாதையில் முக்கியமான தூது. சாராயமும் நிகோடினும் அபினும் ஒவ்வொன்றும் வேறு வேறு வாசல் வழியாக நுழைந்தாலும் கடைசியில் இந்தப் பாதையைத்தான் தூண்டுகின்றன. சிகரெட்டுப் புகையில் உள்ள நிகோடின் மூளையை எட்டப் பத்து இருபது விநாடி போதும். 1973-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும், அபின் வகைப் பொருள்கள் போய் ஒட்டிக்கொள்ளும் பூட்டு மூளையிலேயே இருப்பதைக் காட்டினார்கள். இரண்டாண்டு கழித்து ஸ்காட்லாந்தில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் அந்தப் பூட்டுக்கு மூளையே தயாரிக்கும் சாவியைக் கண்டுபிடித்தார்கள்.

இதையெல்லாம் ஆய்வுக்கூடச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. என் சித்தப்பா ஒருவர். கும்பகோணத்திலிருந்து கரோல்பாக்கில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கி வேலை பார்த்தவர். குடிப்பார். பாட்டி அவரை "குடிகேடி" என்பார். என் அப்பா அவருடன் பேசுவதையே நிறுத்திவிட்டார். சத்தியம் வாங்கினோம், கோயிலுக்கு அழைத்துப் போனோம், சம்பளத்தைப் பிடுங்கி வைத்தோம். கடைசியில் ஒரு மருத்துவர், இது மூளையைப் பிடித்த நோய், திட்டினால் சர்க்கரை வியாதி குறையுமா என்று கேட்டார். அன்றுதான் வீட்டில் முதன்முறையாக அவருக்கு எதிரில் உட்கார்ந்து அப்பா சாப்பிட்டார். மருந்தும் ஆலோசனையுமாகப் பதினோரு ஆண்டுகள் சித்தப்பா குடியைத் தொடாமல் இருந்தார். 1997-இல் அமெரிக்க தேசிய போதைப்பொருள் ஆய்வு நிலையத்தின் தலைவர் ஆலன் லெஷ்னர், அடிமைப் பழக்கம் மூளை நோயே என்று ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. அதைப் படித்தபோது எங்கள் வீட்டுக் கூடம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆகவே இந்த ஆராய்ச்சி வேண்டும், மாநாடுகளும் வேண்டும். நம் நாட்டுக்கு மிகவும் வேண்டும். தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் சமூகநீதி அமைச்சகத்துக்காக நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பின்படி 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் 14.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவைப்படுகிறது. கேள்வி பணத்தின் ஊற்றுக்கண் பற்றியதுதான்.

புகையிலையின் கதையை எடுத்துக்கொள்வோம். சிகரெட்டுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்ற செய்தி பரவியதும், 1954 ஜனவரி 4 அன்று அமெரிக்கச் சிகரெட் கம்பெனிகள் நானூறுக்கு மேற்பட்ட நாளிதழ்களில் முழுப்பக்க அறிக்கை வெளியிட்டன. மக்களின் உடல்நலமே தங்களுக்கு முதன்மையானது என்றும், ஆராய்ச்சிக்குப் பணம் தருவோம் என்றும் வாக்களித்தன. அதற்காக ஒரு குழுவும் அமைத்தன. பிற்காலத்தில் புகையிலை ஆராய்ச்சி மன்றம் என்று பெயர் மாறிய அது, நல்ல விஞ்ஞானிகள் பலருக்குப் பணம் கொடுத்தது. அவர்கள் செய்ததும் பெரும்பாலும் பொய் ஆராய்ச்சி அல்ல. எதை ஆராய்வது என்ற தேர்வில்தான் சூட்சுமம் இருந்தது. புற்றுநோய்க்குப் பரம்பரை காரணமா, மனக்கவலை காரணமா, வைரஸ் காரணமா என்று எத்தனையோ திசைகளில் பணம் பாய்ந்தது. சிகரெட்டு என்ற ஒரு திசை மட்டும் வறண்டே கிடந்தது. வாய்க்காலை வெட்டுகிறவன் எந்த வயல் விளையும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறான் அல்லவா?

இதைவிடச் சுவையான, வருத்தமான கதை விக்டர் டினோபிளுடையது. 1980-இல் பிலிப் மாரிஸ் கம்பெனி அவரைத் தன் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொண்டது. அவரும் பால் மீல் என்பவரும் எலிகளுக்கு நிகோடின் கொடுத்துப் பார்த்தார்கள். ஓல்ட்ஸின் எலிகளைப் போலவே இவையும் நிகோடினுக்காக நெம்புகோலை அழுத்தின. தாமாகவே மருந்தை ஏற்றிக்கொண்டன. ஒரு பொருளுக்கு அடிமைப்படுத்தும் தன்மை உண்டா என்று பார்க்கும் அடிப்படைச் சோதனைகளில் இது ஒன்று. முடிவை எழுதி விஞ்ஞான இதழுக்கு அனுப்பினார்கள். இதழ் ஏற்றுக்கொண்டது. கம்பெனியோ கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டது. 1984-இல் ஆய்வுக்கூடமே மூடப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1994 ஏப்ரலில், ஏழு சிகரெட் கம்பெனித் தலைவர்கள் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன் வலக்கையை உயர்த்திப் பிரமாணம் செய்துவிட்டு, நிகோடின் அடிமைப்படுத்துவதாகத் தாங்கள் நம்பவில்லை என்றார்கள். அதே மாதம் டினோபிள் அதே குழுவின் முன் வந்து தம் எலிகளின் கதையைச் சொன்னார். 1998-இல் மாநிலங்களுடன் ஏற்பட்ட பெரும் உடன்படிக்கையின்படி புகையிலை ஆராய்ச்சி மன்றம் கலைக்கப்பட்டது.

இது ஒளித்த கதை. பரப்பிய கதையும் உண்டு. நம் மாணவியின் பைக்கு நெருக்கமானது அதுதான்.

1996-இல் அமெரிக்காவின் பர்டியூ கம்பெனி ஆக்ஸிகாண்டின் என்ற வலிமாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அபின் குடும்பத்து மருந்து அது. 1996 முதல் 2001 வரை அந்தக் கம்பெனி வலி சிகிச்சை பற்றி நாற்பதுக்கும் மேற்பட்ட மாநாடுகளையும் பேச்சாளர் பயிற்சிகளையும் நடத்தியது. புளோரிடா, அரிசோனா, கலிபோர்னியா என்று உல்லாச விடுதிகளில் நடந்த இவற்றுக்கு மருத்துவர், மருந்தாளுநர், செவிலியர் என ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பயணம், தங்கல், சாப்பாடு எல்லாம் கம்பெனிச் செலவு. வலிக்காகக் கொடுக்கும்போது இந்த மருந்துகள் அடிமையாக்குவது மிக அரிது என்ற கருத்து மருத்துவர்களிடையே பரவியது. அதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்பட்டது எது தெரியுமா? 1980-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் வந்த ஒரே ஒரு பத்தி! மருத்துவமனையில் படுத்திருந்த 11,882 நோயாளிகளில் நால்வருக்கு மட்டுமே அடிமைப் பழக்கம் ஏற்பட்டதாக அதில் போர்ட்டர், ஜிக் என்ற இருவர் எழுதியிருந்தார்கள். மருத்துவமனையில் செவிலியர் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் மருந்துக்கும், வீட்டில் மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரைக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பத்தியில் இல்லை. 2017-இல் அதே இதழில் சிலர் எண்ணிப் பார்த்து எழுதினார்கள்: அந்தக் கடிதத்தை 608 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன, அவற்றில் எண்பது விழுக்காட்டுக்கு மேல், இது மருத்துவமனை நோயாளிகளைப் பற்றியது என்பதைச் சொல்லவே இல்லை.

மாத்திரையின் விற்பனை 1996-இல் 4.8 கோடி டாலர். 2000-இல் சுமார் 110 கோடி டாலர். 2007-இலும் 2020-இலும் கம்பெனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் எத்தனையோ குடும்பங்களில் பிள்ளைகள் போய்விட்டார்கள்.

அரசு நிறுவனம் நடுவில் இருந்தால் சரியாகிவிடும் என்று என்னைப் போன்ற பழைய அரசு ஊழியனுக்குத் தோன்றும். அதுவும் எப்போதும் சரியல்ல. தினமும் ஒரு கோப்பை மது இதயத்துக்கு நல்லதா என்று பார்க்க, அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிலையத்தின் கீழ் சுமார் 10 கோடி டாலர் செலவில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அதில் பெரும்பகுதியைத் தர முன்வந்தவை உலகின் பெரிய மதுக் கம்பெனிகள். பணம் ஓர் அறக்கட்டளை வழியாகத்தான் வந்தது, நேரடியாக அல்ல. ஆனால் ஆய்வு தொடங்குவதற்கு முன்பே விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் மதுத் தொழிலாரைச் சந்தித்துப் பணம் கேட்டிருந்தார்கள் என்று 2018 மார்ச்சில் ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. விசாரணை நடந்தது. ஆய்வின் அமைப்பே, நன்மை தெரியவும் புற்றுநோய் போன்ற தீமை தெரியாமல் போகவும் வசதியாக இருந்தது என்று குறை கண்டார்கள். அதே ஆண்டு ஜூனில் ஆய்வு நிறுத்தப்பட்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. என் மனத்தை உறுத்துவதும் அதுதான். "குறை பொருளில் இல்லை, சிலருடைய மூளையில் இருக்கிறது" என்ற வாக்கியம் விற்பவருக்கு மிக இனிப்பானது. 1996-இல் அமெரிக்கச் சூதாட்ட விடுதித் தொழிலின் பணத்தில், சூதாட்ட நோயை ஆராய ஒரு மையம் தொடங்கினார்கள். அது பல்கலைக்கழகங்களுக்கு மானியம் தருகிறது, மாநாடும் நடத்துகிறது. அங்கே படிக்கப்பட்ட கட்டுரைகள் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாருடைய மூளை பலவீனமானது என்று ஆராய்வதற்குக் கிடைக்கும் ஆர்வம், விடுதி எத்தனை மணிக்கு மூடவேண்டும், இயந்திரம் எத்தனை வேகத்தில் சுழலவேண்டும் என்று ஆராய்வதற்கும் கிடைக்குமா? என் சித்தப்பாவைக் காப்பாற்றிய அதே சொல், வேறு ஒருவர் வாயில் வேறு வேலை செய்கிறது. எங்கள் தெருமுனையில் மூன்று மதுக்கடைகள் இருந்ததும் அவருடைய நோயில் ஒரு பங்குதானே?

நல்ல முன்மாதிரிகளும் உண்டு. 1929-இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் போதைப் பழக்கத்துக்கென ஒரு குழு அமைத்தபோது பணம் தந்தது ராக்பெல்லர் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சமூக அமைப்பு. இன்று உலகெங்கும் விஞ்ஞானிகள் கூடும் வருடாந்தர மாநாடு ஒன்று அந்தக் குழுவின் வழியாக வளர்ந்து வந்ததுதான். 1961-இல் யுனெஸ்கோவின் ஆதரவில் பிறந்த சர்வதேச மூளை ஆராய்ச்சி அமைப்பு, ஏழை நாடுகளின் இளம் விஞ்ஞானிகள் கூட்டங்களுக்குப் போய்வர உதவுகிறது.

நம் நாட்டிலும் வேலி போடும் முயற்சி நடந்திருக்கிறது. மருத்துவர்கள் மருந்துக் கம்பெனிகளிடம் பரிசோ பயணச் செலவோ வாங்கக் கூடாது என்று 2009 டிசம்பரில் அன்றைய இந்திய மருத்துவக் கழகம் விதி செய்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை ஒழுங்குமுறை, கம்பெனிகள் வெளிநாட்டில் மருத்துவர்களுக்குக் கருத்தரங்கு நடத்துவதைத் தடுக்கிறது. உள்நாட்டில் செலவழித்தால் கணக்கைப் பகிரங்கமாகக் காட்டச் சொல்கிறது. இந்தப் புதிய ஒழுங்குமுறை பாராளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். புகையிலையில் வேலி இன்னும் உயரம். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை 2004-இல் இந்தியா ஏற்றது. பொதுச் சுகாதாரக் கொள்கையைப் புகையிலைத் தொழிலின் நலன்கள் தொடாமல் காக்கவேண்டும் என்கிறது அதன் 5.3-ஆம் விதி. 2010-இல் பெங்களூரில் புகையிலைத் தொழிலாரின் உலக மாநாடு ஒன்றுக்கு மத்திய அரசின் புகையிலை வாரியமே ஆதரவு தர முன்வந்தது. பெங்களூரைச் சேர்ந்த ஒரு பொதுச் சுகாதார நிறுவனம் கர்நாடக உயர்நீதிமன்றத்துக்குப் போனது. வாரியம் பின்வாங்க நேர்ந்தது.

இனி, மாநாட்டு அழைப்பிதழோ மலரோ கைக்கு வந்தால் எதைப் பார்ப்பது? பையில் உள்ள பெயர் சின்ன விஷயம். பேச்சாளர்களைத் தேர்ந்தெடுத்த குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதே முதல் கேள்வி. கம்பெனி பொதுநிதிக்குப் பணம் தந்து ஒதுங்கி நின்றால் ஒரு மாதிரி. மதியச் சாப்பாட்டு வேளையில் "எங்கள் அமர்வு" என்று தனி அரங்கம் பிடித்துத் தானே பேச்சாளரை நிறுத்தினால் அது வேறு மாதிரி. பேச்சாளர் முதல் படத்தில் தாம் யாரிடம் பணம் வாங்கினார் என்று காட்டுவது இப்போது வழக்கம். பலரும் அதை இரண்டு விநாடியில் தாண்டிவிடுவார்கள். அந்த இரண்டு விநாடி விழித்திருங்கள்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நம் வீட்டை மறைக்கக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்க ஆண்டுமலரின் பின்னட்டைக்கு ஒரு ‘சோடா’ விளம்பரம் வந்தது. அந்தப் பெயரில் சோடாவை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை, மதுவைப் பார்த்திருக்கிறேன். தொகை 40,000 ரூபாய். செயற்குழுவில் இரண்டு மணி நேரம் வாதம் நடந்தது. "பணத்துக்கு வாசனை உண்டா?" என்றார் ஒருவர். "மலரைப் பார்ப்பது குழந்தைகள்" என்றார் ஓர் அம்மாள். நான் பொருளாளராக இருந்தும் அன்று வாய் திறக்கவில்லை. கையிருப்பு எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும். ஓட்டெடுப்பில் இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் விளம்பரம் வேண்டாம் என்று முடிவானது. மலரில் பன்னிரண்டு பக்கம் குறைத்தோம். மீதியை உறுப்பினர்கள் ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரமாகப் போட்டு ஈடுகட்டினார்கள். பக்கம் குறைந்ததில் அச்சேறாமல் போன கவிதைகளின் ஆசிரியர்கள் இன்றும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கேள்வி கேட்ட பெண்ணுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். அப்பாவிடம் கேட்டு அந்த மாநாட்டு மலரை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் நன்றியுரைப் பட்டியலையும், நிகழ்ச்சி நிரலில் உள்ள பேச்சுகளின் தலைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கப் போகிறோம். பழைய மருத்துவ, விஞ்ஞான மாநாட்டு மலர்கள் வைத்திருக்கும் அன்பர்கள் அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்குள் மாடி அறைக்குக் கொடுத்தனுப்பினால் உதவியாக இருக்கும். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.